தெற்குச் சுற்று: மொரீஷியசின் ஒரு நாள் கார்ப் பயணத்தில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றச் சொல்லலாம்

மொரீஷியசில் வந்திறங்குபவர்களுக்கு ஓட்டல் வரவேற்பறையிலும் கடற்கரையிலும் முதலில் விற்கப்படுவது 'தெற்குச் சுற்று'தான். காலை ஒன்பது மணிக்குக் கார் வரும். கியூர்பிப்பில் எரிமலை வாய், பக்கத்தில் ஒரு கப்பல் மாதிரிக் கடை, கங்கா தலாவ் ஏரி, பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு, ஷமரேல் அருவி, ஏழு வண்ண மண், அங்கேயே மதியச் சாப்பாடு, லெ மோர்ன் மலையடியில் கொஞ்ச நேரம், ஐந்து மணிக்கு ஓட்டல். யாரிடம் வாங்கினாலும் பட்டியல் ஏறக்குறைய இதுதான்.

நிலத்தைப் பார்க்க இது நல்ல சுற்று. 65 கிலோமீட்டர் நீளமும் 45 கிலோமீட்டர் அகலமும் உள்ள தீவில் எரிமலையின் வேலைப்பாட்டை ஒரே நாளில் இவ்வளவு காட்டும் வழி வேறில்லை. மக்களையும் வழிபாட்டையும் காட்டுவதில் இது மிகவும் ஏழை. இருநூறு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர் வாழும் தீவு இது. இந்தச் சுற்றில் ஒரு தமிழ்க் கோவில்கூடக் கிடையாது. ஆனால் அதே காரில், ஏறக்குறைய அதே பணத்தில் இந்தக் குறையைச் சரிசெய்யலாம். அதற்குச் செய்யவேண்டியது வரிசையை மாற்றுவதுதான். முன்பதிவின்போதே சொன்னால் ஓட்டுநர்கள் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், பாதி வழியில் சொன்னால் மாட்டார்கள்.

முதல் பிழை புறப்படும் நேரம். தென்கிழக்கிலிருந்து வீசும் ஈரக்காற்று தீவின் நடுவிலுள்ள மேட்டு நிலத்தில் ஏறிக் குளிர்ந்து மேகமாகிறது. காலை வெளுத்திருந்தாலும் பகல் ஏற ஏற கியூர்பிப், கங்கா தலாவ், பள்ளத்தாக்கு மூன்றையும் மேகம் மூடிவிடும். மேட்டு நிலத்தில் பெய்யும் மழை மேற்குக் கரையில் பெய்வதைப் போல மூன்று, நான்கு மடங்கு. ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, பதினொன்றரைக்குப் பள்ளத்தாக்கை எட்டுபவர்களில் பலர் பார்ப்பது வெள்ளைத் திரையைத்தான். அதைப் போல, வடக்கே கிராண்ட் பேயில் தங்கியிருப்பவர்கள் ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே போர்ட் லூயிசைக் கடக்க முயன்றால் நெரிசலில் முக்கால் மணி நேரம் போய்விடும். ஆறரை மணிக்குக் கார் வேண்டும் என்று கேளுங்கள். மேற்குக் கரையில் தங்கியிருந்தால் ஏழு மணி போதும்.

கியூர்பிப்பிலுள்ள ட்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாயைத் தவிர்த்தாலும் இழப்பில்லை. ஏறத்தாழ 300 மீட்டர் விட்டமுள்ள பள்ளம், உள்ளே மரங்கள், அடியில் கொஞ்சம் தண்ணீர். விளிம்பைச் சுற்றி நடக்க இருபது நிமிடம் ஆகும். வானம் தெளிந்திருந்தால் வடமேற்கு மலைகள் தெரியும், அதற்காக மட்டும் நிற்கலாம். அதையடுத்த கப்பல் மாதிரிக் கடையையும் 'வரியில்லா' நகைக் கடைகளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். கைவேலை நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கே நிற்கும் முக்கால் மணி நேரம் உங்களுக்காக அல்ல, கடை தரும் கமிஷனுக்காக. "கடை வேண்டாம், கோவில் வேண்டும்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் போதும்.

கங்கா தலாவை எட்டு மணிக்கு முன்பே அடைய வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில், அணைந்த எரிமலையின் வாயில் நிற்கும் ஏரி இது. 1897ல் த்ரியோலே ஊரைச் சேர்ந்த ஜுமோன் கிரி என்ற பூசாரி இந்த நீரைக் கனவில் கண்டதாகவும், மறு ஆண்டு சிவராத்திரிக்குச் சிறு கூட்டம் நடந்து வந்து நீர் எடுத்ததாகவும் வரலாறு. 1972ல் கங்கை நீர் கொண்டுவந்து இதில் சேர்க்கப்பட்டது. இன்று சிவராத்திரிக்கு லட்சக்கணக்கானோர் தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் மூங்கிலும் காகிதப் பூவும் கொண்டு கட்டிய காவர்களைச் சுமந்து நடக்கிறார்கள். இந்துக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இவ்வளவு பெரிய நடைப்பயணம் இந்தியாவுக்கு வெளியே அரிது.

சுற்றுலாக் கார்கள் இங்கே செய்யும் தவறு, நுழைவிலுள்ள சிலையடியில் நிறுத்திப் படமெடுக்கவிட்டுத் திருப்பிவிடுவது. 33 மீட்டர் உயரமுள்ள மங்கள மகாதேவர் சிலை 2007ல் நிறுவப்பட்டது. வடோதராவின் சுர்சாகர் ஏரியில் நிற்கும் சிவனைப் பார்த்துச் செய்தது அது. எதிரே அதே உயரத்தில் துர்க்கை, 2017ல் வந்தவள். இரண்டும் பிரமாண்டம்தான், ஆனால் வழிபாடு நடப்பது இங்கே இல்லை. ஏரி இன்னும் சற்று உள்ளே. "தலாவ் வரை" போகவேண்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லுங்கள். கரையில் சிவன், அனுமன், லட்சுமி, விநாயகர் என்று வரிசையாகச் சன்னதிகள். குடும்பங்கள் படித்துறையில் சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து, பூவை நீரில் விடுகின்றன. மீன்களோடு பெரிய விலாங்குகளும் கரையோரம் வரும்.

இங்கே பூசை முறை வட இந்திய வழி. போஜ்புரி பேசிய முன்னோர்களின் வழிவந்தவர்கள் உருவாக்கிய தலம். தமிழர்களும் தாராளமாக வருகிறார்கள், யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் 'மொரீஷியஸ் இந்து சமயம்' என்றால் இது மட்டும்தான் என்று நினைத்துத் திரும்பிவிடக் கூடாது. பட்டியல் தரும் பெரிய ஏமாற்றம் இதுதான்.

செருப்பைக் கழற்றும் இடத்திலிருந்து ஏரிக்கரை முழுக்க ஓடு பாவிய தரை. பனியிலும் மழையிலும் வழுக்கும், முதியவர்களுக்குக் கை கொடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் காலைகளில் குளிர் 15 டிகிரிக்கும் கீழே போகும். கடற்கரை ஓட்டலிலிருந்து மெல்லிய சட்டையோடு வருபவர்கள் நடுங்குவார்கள். அர்ச்சனைக்குக் கொண்டுவரும் வாழைப்பழத்தைப் பைக்குள் வைத்திருங்கள். கையில் தெரிந்தால் குரங்கு பறித்துக்கொள்ளும், குழந்தை கையிலிருந்தால் நகமும் படும். சிவராத்திரிக்கு முந்தைய வாரம் இந்தச் சுற்றையே வாங்காதீர்கள். சாலைகள் நடப்பவர்களுக்காக ஒதுக்கப்படும், கார்கள் வெகு தொலைவிலேயே நிறுத்தப்படும். அந்த யாத்திரையைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் காரை விட்டுவிட்டுப் பேருந்தில் வாருங்கள்.

ஏரிக்குப் போகும் வழியில் புவா ஷெரி தேயிலைத் தோட்டம் வருகிறது. தேயிலையில் ஆர்வமிருந்தால் நிற்கலாம். வெனிலா வாசனைத் தேயிலைதான் ஊர் முழுக்கக் குடிப்பது, அதை எந்தக் கடையிலும் வாங்கலாம்.

அடுத்தது பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு. 1994ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 6,574 ஹெக்டேர். சாலையோரப் பார்வை மேடைக்குக் கட்டணம் இல்லை. தீவின் மிக உயரமான முகடு, 828 மீட்டர், இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பள்ளத்தாக்கின் மேல் நீண்ட வெள்ளை வாலோடு வட்டமிடுவது பாயான்கு என்ற கடற்பறவை. மொரீஷியஸ் வல்லூறு கண்ணில் பட்டால் அது பெரும் பேறு. 1974ல் காட்டில் தெரிந்தவை நான்கே நான்கு, முட்டையெடுத்துப் பொரித்து வளர்த்து மீட்ட இனம். காடு அடர்த்தியாக இருக்கிறது என்று மகிழ்வதற்கு முன் அருகே பாருங்கள். பாதி சீனக் கொய்யா. வெளியிலிருந்து வந்த செடி, மண்ணின் மரங்கள் முளைக்க இடம் விடாமல் நெருக்குகிறது. அதன் சிவப்புப் பழத்தைச் சாலையோரம் உப்பும் மிளகாயும் தூவி விற்பார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள்.

ஒன்பதரைக்குள் ஷமரேலை அடைந்தால் அங்கே கூட்டம் இருக்காது. அருவிக்கும் வண்ண மண்ணுக்கும் ஒரே டிக்கெட். அந்தக் கட்டணம் கார் வாடகையில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள், தகராறு வருவது பெரும்பாலும் இதில்தான். அருவி எண்பது மீட்டருக்கு மேல் நேராக விழுகிறது. மழை இல்லாத செப்டம்பர், அக்டோபரில் மெலிந்துவிடும், சனவரி முதல் ஏப்ரல் வரை பொங்கும்.

ஏழு வண்ண மண் படத்தில் பார்ப்பதைவிடச் சிறியது. சுற்றிலும் மர வேலி, உள்ளே இறங்க அனுமதியில்லை, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் நிறங்களின் காரணம் தெரிந்து பார்த்தால் நின்று பார்ப்பீர்கள். எரிமலைப் பாறை வெகுகாலம் மழையில் ஊறிச் சிதைந்து களிமண்ணானது. கரையக்கூடியவை எல்லாம் கழுவிக்கொண்டு போக, இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும் மிஞ்சின. செம்பும் பழுப்பும் இரும்பின் நிறம், ஊதாவும் நீலமும் அலுமினியத்தின் சாயல். செடிக்கு வேண்டிய சத்து எதுவும் மிஞ்சாததால் புல்கூட முளைப்பதில்லை. வெயில் சாய்வாக விழும் காலையில் நிறங்கள் பிரிந்து தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே செம்மண். சில கார்கள் ஷமுனி பக்கத்திலுள்ள '23 வண்ண மண்' பூங்காவுக்குக் கூட்டிப் போய் இதுவே அது என்பதுபோல் முடித்துவிடும். அது வேறு இடம், வேறு கட்டணம், கம்பிச் சறுக்கு விளையாட்டுகளுக்காகப் போகும் இடம். 'ஷமரேல்' என்று பெயர் சொல்லி உறுதிசெய்யுங்கள்.

மதியச் சாப்பாட்டைத்தான் இந்தச் சுற்றில் நான் அதிகம் குறை சொல்வேன். ஷமரேல் வீட்டுச் சாப்பாட்டு இடங்களில் மான்கறி, காட்டுப்பன்றி, மீன், பனங்குருத்துச் சாலட் என்று நன்றாகவே போடுவார்கள். ஆனால் அதைச் சாப்பிட்டவர் அன்று மாலை தமிழ்க் கோவிலுக்குள் போக மாட்டார். இங்குள்ள நம்மவர் அசைவம் சாப்பிட்ட நாளில் கோவில் வாசல் மிதிப்பதில்லை, அதை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள். பல கோவில்களில் அறிவிப்பும் உண்டு. பயண ஏற்பாட்டாளர்கள் மாலையில் கோவில் வைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே சைவச் சாப்பாடு என்று முந்தைய நாளே சொல்லி வையுங்கள். 'வெஜிடேரியன்' என்றால் முட்டையும் மீன் குழம்பும் சில இடங்களில் வந்துவிடும். "சான் லாவியான், சான் புவாசோன், சான் திசெஃப்" என்று ஊர்ப் பேச்சு மொழியான கிரியோலில் சொன்னால் இறைச்சி, மீன், முட்டை மூன்றும் இல்லாமல் வரும். வழியில் தோல் பூரி கிடைத்தாலே போதும். கடலைப்பருப்பு அரைத்து உள்ளே வைத்த மெல்லிய பூரி, டபுள் பீன்ஸ் குழம்பும் ருகாய் என்ற தக்காளித் தொக்கும் தடவி இரண்டிரண்டாக மடித்துத் தருவார்கள். கூடவே காத்தோ பிமான், நம் பருப்பு வடைதான்.

ஷமரேலிலிருந்து பே து காப் பக்கம் இறங்கி மக்கோந்த் பாறை வழியாகக் கரையோரம் போகச் சொல்லுங்கள். காஸ் நுவாயால் வழி குறுக்கு, ஆனால் அதில் கடல் அவ்வளவு தெரியாது. இரண்டிலும் வளைவு அதிகம், வாந்தி வருபவர்கள் முன் இருக்கையில் அமரட்டும். கரும்புக் காடுகளின் நடுவே கறுப்புக் கற்குவியல்கள் சுவர்போல உயர்ந்து நிற்பதைக் கவனியுங்கள். நிலத்தை உழக் கூலிகள் கையால் பொறுக்கிக் குவித்த எரிமலைக் கற்கள் அவை. அவற்றின் ஓரத்தில் மரத்தடியில் சிவப்புத் துணி கட்டிய சிறு காளிமாய்ச் சன்னதிகளும் முனீஸ்வரன் மேடைகளும் உண்டு. எந்தப் பட்டியலிலும் இவை வராது, கேட்டால் ஓட்டுநர் நிறுத்துவார்.

லெ மோர்ன் 556 மீட்டர் உயரமுள்ள தனிப்பாறை மலை, 2008 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரும் மடகாஸ்கரின் மலகாசியரும் தப்பி ஓடி ஒளிந்த மலை. 1835 பிப்ரவரி 1ல் அடிமை முறை ஒழிந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல வந்த சிப்பாய்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்துப் பலர் உச்சியிலிருந்து குதித்தார்கள் என்பது வாய்மொழி வரலாறு. மலையடியில் அடிமைப் பாதை நினைவிடம் இருக்கிறது. பட்டியல் இதை 'கடற்கரை, 30 நிமிடம்' என்று போடுகிறது. கடற்கரையைப் பத்து நிமிடமாக்கி நினைவிடத்துக்கு இருபது நிமிடம் கொடுங்கள். மலையேற்றம் தனி நாளுக்குரியது. போய்வர மூன்று நான்கு மணி நேரம், மேல்பகுதியில் கை ஊன்றிப் பாறை ஏறவேண்டும், மழைக்குப் பிறகு வேண்டவே வேண்டாம்.

காலையில் சீக்கிரம் புறப்பட்டதன் பலன் இப்போதுதான். இரண்டரை மணிக்கு லெ மோர்னை விட்டால், மேற்குக் கரை வழியாக தாமரேன் தாண்டி, நாலு மணிக்குக் கத்ர் போர்ன் வந்துவிடலாம். அங்கே கோர் த கார்த் மலைச்சரிவில் முருகன் கோவில். படியேறினால் வண்ணக் கோபுரம், பின்னால் கரும்பாறை மலை, கீழே நகரம் முழுவதும். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் என்பதை இங்குள்ளவர்கள் கடல் கடந்து வந்தும் விடவில்லை. இந்த ஓர் இடத்தைச் சேர்த்தாலே சுற்றின் மதிப்பு என் கணக்கில் இரட்டிப்பாகும்.

கோவில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறக்கும். ஜூனில் ஐந்தேமுக்காலுக்கே இருட்டிவிடும், டிசம்பரில் ஏழு மணி வரை வெளிச்சம். தோளும் முழங்காலும் மூடிய உடை காரிலேயே இருக்கட்டும். குருக்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள், அவர்களிடம் தமிழில் பேசலாம். அடியார்கள் 'வணக்கம்' சொல்லிவிட்டுக் கிரியோலுக்குப் போவார்கள். தேவாரமும் திருப்புகழும் மனப்பாடமாகப் பாடுபவர்களுக்கும் அன்றாடப் பேச்சு கிரியோல்தான். அதைக் குறையாகச் சொல்லிக் காட்டாதீர்கள். பேச்சு மாறிய பிறகும் விரதத்தையும் பாட்டையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அவர்கள்.

சனவரி, பிப்ரவரியில் வருபவர்கள் தைப்பூசக் காவடி நாளை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு விடுமுறை. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம். அன்று காலை ஆற்றங்கரையில் அலகு குத்துவார்கள், நாக்கிலும் கன்னத்திலும் முதுகிலும். மரக்காவடியில் பூவும் எலுமிச்சையும் மயிற்பீலியும், இரு முனையிலும் பால் செம்பு. கோவில் சேரும்வரை பால் திரியக் கூடாது என்பது நம்பிக்கை. மதிய வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும், வழியிலுள்ள வீட்டுக்காரர்கள் குழாய் பிடித்துச் சாலையை நனைத்துக்கொண்டே இருப்பார்கள். நீங்களும் ஓரமாக நடங்கள், காவடிக்குக் குறுக்கே போகாதீர்கள், அலகு குத்தும்போது கேட்டுவிட்டுப் படமெடுங்கள். முடிவில் கோவிலில் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு: பலாக்காய், வாழைக்காய், பூசணி, கீரை, அச்சார், ரசம், பாயசம் என்று வரும். வந்தவர் எந்த மதமானாலும் இலை போடுவார்கள். அன்று தெற்குச் சுற்று வாங்கினால் கத்ர் போர்ன் சாலையடைப்பில் மாட்டிக்கொள்வீர்கள். தீமிதி டிசம்பர், சனவரியில். தெற்கே கான் தியாப்ல் ஊர்க் கோவில் அதற்குப் பேர்போனது. புரட்டாசியில் 'கோவிந்தன்' விரத மாதம், அப்போது சைவச் சாப்பாடு எங்கும் எளிதாகக் கிடைக்கும்.

சுற்றில் எப்படியும் அடங்காதது போர்ட் லூயிஸ். அதற்கு அரைநாள், காரே வேண்டாம். மெட்ரோ ரயிலின் கடைசி நிறுத்தத்தின் பெயரே ஆப்ரவாசி காட். ஒப்பந்தக் கூலிகள் கரையேறிய 16 கற்படிகள் அங்கே இருக்கின்றன. 1834 நவம்பர் 2 அன்று தொடங்கி 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இத்தீவுக்கு வந்தார்கள், கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும். 2006ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அனுமதி இலவசம், ஞாயிறும் அரசு விடுமுறையும் மூடியிருக்கும். தமிழரின் கதை இந்தப் படியிலிருந்து தொடங்குவதில்லை என்பதையும் தெரிந்துகொண்டு பாருங்கள். அதற்கு நூறு ஆண்டு முன்பே, 1735ல் வந்த ஆளுநர் லா பூர்தொனே காலத்திலேயே, புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனாரும் தச்சரும் வந்து இந்தத் துறைமுகத்தைக் கட்டினார்கள்.

அங்கிருந்து டாக்சியில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சேந்த் குருவா. சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் திருக்கோவில் அங்கே இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் அது 'கைலாசோன்'. டாக்சிக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். அதே பகுதியில் பேர் லாவல் பாதிரியாரின் கல்லறை. 1864ல் மறைந்த அவருக்கு செப்டம்பர் 8, 9 தேதிகளில் தீவே திரண்டு போகும், பூவும் மெழுகுவத்தியும் ஏந்தித் தமிழ்க் குடும்பங்களும் போகும். காலையில் மீனாட்சி, பிறகு பேர் லாவல் என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தீவின் சமய வாழ்வு எப்படிப்பட்டது என்பது ஒரு மணி நேரத்தில் விளங்கும்.

காசு கொடுக்கும்போது நூறு ரூபாய்த் தாளைத் திருப்பிப் பாருங்கள். அதிலிருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், இங்கே பிறந்த தமிழ் அரசியல் தலைவர். தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்தது தமிழ், பிறகு இந்தி. 1998ல் இந்த வரிசையை மாற்றி அச்சிட்டபோது தமிழர்கள் எதிர்த்தார்கள், அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றது.

பணத்தைப் பற்றி: டாக்சிகளில் மீட்டர் போடுவதில்லை, நாள் வாடகையைக் காருக்கு என்று பேசுங்கள், ஆளுக்கு என்று அல்ல. நால்வர் இருந்தால் ஓட்டல் மேசையில் ஆள் கணக்கில் வாங்குவதைவிட நேரடிக் கார் தெளிவாக மலிவு. ஒருவர் மட்டும் என்றால் பேருந்துச் சுற்றே மேல், ஆனால் அதில் வரிசையை மாற்ற முடியாது. புறப்படும் நேரம் ஆறரை, கடைகள் இல்லை, தலாவ் வரை, ஷமரேல் டிக்கெட் யார் பொறுப்பு, சைவச் சாப்பாடு, நாலு மணிக்குக் கோர் த கார்த் கோவில், காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா, இந்த ஏழையும் வாட்ஸாப்பில் எழுதி ஓட்டுநரின் 'ஆம்' வந்த பிறகே முன்பணம் கொடுங்கள். சனவரி முதல் மார்ச் வரை புயல் எச்சரிக்கை வந்தால் பணம் திரும்புமா என்பதையும் அதிலேயே சேர்த்துக் கேளுங்கள். மூன்றாம் நிலை எச்சரிக்கையில் பேருந்தும் காரும் ஓடாது.

அச்சடித்த பட்டியலின்படியே போனால் ஐந்துக்கு இரண்டரை. மேலே சொன்ன மாற்றங்களோடு போனால் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது போர்ட் லூயிஸ் அதில் அடங்காததற்காக.